கம்பளி மேட்டில் நான்கு குழிகள்

ஜூன் 4

அன்புள்ள வாலுவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. தபால்காரர் இரண்டு கையாலும் தூக்கி வந்து, "என்னம்மா, உள்ள முழு ஆட்டையே மடிச்சு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மேட். விரல் தடிமன் இருக்கிறது. இதன்மேல் வைத்துத்தான் இனி தேய்க்க வேண்டும் என்று சீட்டு வேறு எழுதி வைத்திருக்கிறாய். இத்தனை வருடம் மடித்த பழைய போர்வைமேல் தேய்த்த துணி எல்லாம் சுருங்கியா போய்விட்டது?

இது உன் யோசனை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் மாடிவீட்டு நர்சம்மா சொன்னதுதானே? நீ அனுப்பிய போட்டோவில் அவர் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை, உன்னைப் பிடித்துக்கொண்டார். மேட்டைச் சுற்றி ஒரு துணிப்பை இருந்ததே, அதைத் தைத்தது யாராக இருந்தாலும் ஓரத்தை நேராகப் பிடித்துத் தைக்கச் சொல். தையல் குடித்துவிட்டு நடந்த மாதிரி இருக்கிறது.

நம் சிட்டுவின் கல்யாணம் செப்டம்பர் இருபது என்று முடிவாகிவிட்டது. "அம்மாவும் அத்தையும் சேர்ந்து துண்டுத்துணியில தைச்ச ஒட்டுப்போர்வைதான் எனக்கு வேணும், வேற எதுவும் வேணாம்" என்கிறாள். நீ சொன்னபடியே செய்வோம். பத்து வரிசையில் ஐந்து இங்கே, ஐந்து அங்கே. ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொரு கட்டமும் ஒன்பது அங்குலம். கருநீலமும் மஞ்சள் பூப்போட்டதும் பாதிப் பாதியாக அனுப்புகிறேன்.

பன்னிரண்டு வருடம் நான் தைத்தேன், நீ தேய்த்தாய். இப்போது உன் இஸ்திரிப் பெட்டி வேறு யாருடைய மெஷினுக்கோ வேலை செய்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லி வைத்தேன்.

உன் அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

துணி கிடைத்தது. மேட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

கம்பளி சூட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே இஸ்திரிப் பெட்டி, கீழே சூடான கம்பளி. துணி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படிந்துவிடும். துணியை அது லேசாகப் பிடித்துக்கொள்வதால் வழுக்காது. பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, எண்ணி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆவி அதிகம் வேண்டாம். ஈரம் கீழே இறங்கினால் அண்ணன் செய்த மேசையின் பாலிஷ் வெளுத்துவிடும். அடியில் ஒரு தகரத் தட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் நனைந்த ஆட்டு வாடை வரும், பிறகு பழகிவிடும்.

தையல் மடிப்பைக் கருநீலத்தின் பக்கமே சாய்த்துத் தேயுங்கள். மஞ்சள் பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கும் நீலம் வெளியே தெரியும். அடுத்தடுத்த துண்டுகளில் மடிப்பு எதிரெதிரே இருந்தால்தான் மூலைகள் ஒன்றோடொன்று சரியாக உட்காரும். உங்கள் மூலைகள் எல்லாம் இத்தனை நாள் எப்படித் தானாகவே உட்கார்ந்தன என்று நீங்கள் கேட்டதே இல்லை.

நர்சம்மா நலம். மெஷின் அவருடையது, வெளிச்சமும் அவர் வீட்டு ஜன்னலில்தான் நன்றாக வருகிறது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் நாள் முழுக்கப் பழைய ஃபைல் தூசி. மாலையில் அங்கே போய் உட்கார்ந்தால் மூச்சு வருகிறது.

பையைப் பற்றிச் சொன்னதை உரியவரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
வாலு


ஜூலை 2

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு வரிசை முடிந்தது. மேட்டைத் தினமும் உபயோகிக்கிறேன். நல்ல மேட்தான். போதுமா?

மடிப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று எனக்கே பாடமா? முப்பது வருடமாக இந்த ஊருக்கே ஜிப்பு மாற்றி, இடுப்புப் பிடித்து, கால் நீளம் குறைத்துக் கொடுக்கிறவள் நான். இருந்தாலும் நீ எழுதியபடியே சாய்த்தேன். நீ எழுதினாய் என்பதற்காக மட்டும்.

மாலையில் அங்கே போனால் மூச்சு வருகிறதாமே. இங்கே பன்னிரண்டு வருடமும் மூச்சை அடக்கிக்கொண்டா இருந்தாய்? நீ டீயை ஆறவைத்து ஆறவைத்துக் குடிப்பாய் என்று அவருக்குத் தெரியுமா? நீ வேலை செய்யும்போது பேசினால் உனக்குப் பிடிக்காது என்று தெரியுமா? தெரிந்திருக்காது, பேசிக்கொண்டே இருப்பார். உன் அண்ணன் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டின பொண்டாட்டி கூட இப்படி விசாரிக்க மாட்டா" என்று சிரிக்கிறார். மரத்தைச் சீவுகிறவர் மரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

எதிரில் உன் நாற்காலி காலியாகவே இருக்கிறது. அதில் ஆல்டரேஷனுக்கு வந்த துணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் மாற்றல் வந்தது என்று சொல்லிப் போனாய். வந்ததா, கேட்டு வாங்கினாயா? இதை நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் கேட்டால் சண்டையாகிவிடும். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

உன் அண்ணி


ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டுத்தான் வாங்கினேன்.

ஜனவரியில் நூலக மண்டபத்தில் நாம் முன்பு செய்த போர்வையைக் காட்சிக்கு வைத்தார்களே, அன்று பத்திரிகையிலிருந்து ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்தா செஞ்சீங்க?" என்று கேட்டாள். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே, "தைக்கிறது நான். இவ சும்மா தேய்ச்சுக் குடுப்பா" என்றீர்கள். அவள் உங்களை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்திரிகையில் என் நான்கு விரல் வந்திருக்கிறது, வெட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் போர்வையில் எழுநூற்று இருபது துண்டு. ஒவ்வொரு தையலையும் நான் ஒரு தடவை மூடியபடி, ஒரு தடவை விரித்து, சேர்த்த பிறகு ஒரு தடவை என்று தேய்த்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் நிம்மதியாகத் தூங்கினீர்கள். எனக்கு உங்கள் கையைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் பார்க்கிற கை அது. அடுத்த வாரமே மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் சண்டைக்காக எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இத்துடன் இங்கே முடிந்த முதல் வரிசையை அனுப்புகிறேன். உங்கள் வரிசையோடு வைத்துப் பாருங்கள். தையல் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். எனக்கு அது முக்கியம்.

வாலு


ஜூலை 27

வாலுவுக்கு,

அந்த நோட்டுப் புத்தகக்காரி வந்த நாளை நான் மறந்தே போனேன். நீ மறக்கவில்லை. வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்காக ஊரை விட்டே போவார்களா? "அண்ணி, ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அன்றைக்கே என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாமே. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது தலை போகிற வேலை ஒன்று இருக்கிறது.

உன் வரிசையும் என் வரிசையும் சேரவில்லை!

கூடத்தில் தரையில் விரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். இடது ஓரம் சேர்ந்தால் வலது ஓரம் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. எட்டுக் கட்டத்தில் இரண்டு அங்குலம்! உன் நர்சம்மா எதில் அளந்தார்? காய்ச்சல் பார்க்கிற கருவியிலா? கல்யாணத்துக்கு இரண்டு மாதம் கூட இல்லை. சிட்டு வேறு பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இது ரெண்டு போர்வையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் இரண்டையும் சுருட்டி எடுத்துவிட்டேன்.

தையலைப் பற்றி ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நன்றாக இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகக் குற்றம் தேடினேன், கிடைக்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் அளவுக்குத் தைக்கிற ஒருத்தி அங்கே இருக்கிறாள், நீ அவளுக்குத் தேய்த்துக் கொடுக்கிறாய். அவள் உன்னைச் 'சும்மா' என்று சொல்ல மாட்டாள், அதுதானே?

தைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அளக்கவும் தெரிய வேண்டும். மீதி நான்கு வரிசையையும் அவர் கையில் கொடுக்காதே. என் வரிசை ஒன்றை அனுப்புகிறேன். அளவு எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டு.

அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வரிசையை ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று முறை அளந்தேன். இங்கிருந்து போனது எழுபத்திரண்டு அங்குலம். உங்களுடையது எழுபத்துநான்கு. நாம் பேசியது எழுபத்திரண்டு.

கட்டம் கட்டமாகவும் அளந்தேன். வெட்டியதில் பிழை இல்லை, தைத்ததிலும் இல்லை. உங்கள் கை பிசகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் கால் அங்குலம் இழுபட்டு, நடுவில் உப்பியிருக்கிறது. ஓரம் வளைந்து வளைந்து போகிறது. மெத்தென்ற போர்வைமேல் வைத்துப் பெட்டியை இப்படியும் அப்படியும் இழுத்தால்தான் துணி இப்படி நீளும்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் தினமும் பெட்டியை வைக்கிற இடத்தில் மேட் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது? வாடை போய்விட்டதா?

வாலு


ஆகஸ்ட் 12

வாலுவுக்கு,

என்ன நிறத்தில் இருக்கும்? வந்தபோது இருந்த அதே சாம்பல் நிறம்தான். ஒரு கறை கிடையாது. வாடையும் கிடையாது. பொருளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் நான். உன் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கிருக்கும் என் வரிசை உன் அண்ணனின் டேப்பிலும் எழுபத்துநான்குதான் வருகிறது. அவர் டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பொய் சொல்ல உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு மாதம் சூடு பட்ட கம்பளி அதே நிறத்தில் இருக்காது. என்னுடையதில் பெட்டியின் மூக்கு பட்ட இடமெல்லாம் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்பேறிவிட்டது. ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஆட்டு மந்தையே அறைக்குள் வந்து நிற்கும். கறையும் இல்லை, வாடையும் இல்லை என்றால் அது ஒரு நாளும் உங்கள் இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கவில்லை.

ஏன் என்றும் தெரியும். நர்சம்மா கொடுத்தது என்று நினைத்தீர்கள். அது இங்கே வந்து வாங்கிய முதல் மாதச் சம்பளத்தில் நான் தேடி வாங்கியது. ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். நர்சம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. பட்டன் அறுந்தால் கூட ஊக்குக் குத்திக்கொள்கிறவர். மெஷின் அவருடைய அம்மாவுடையது, பத்து வருடமாக மூடிக் கிடந்தது. நான் தைப்பேன், அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். குடித்துவிட்டு நடந்த மாதிரித் தைத்த அந்தப் பை, நான் என் கையால் தைத்த முதல் பொருள். உங்களுக்குச் சோறு இறங்காமல் செய்த அந்த வரிசையும் நான் தைத்ததுதான். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாலையும் பழைய துணியில் தைத்துத் தைத்துப் பிரித்தேன். யார் தைத்தது என்று தெரியாமல் நீங்கள் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. சொல்லிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மேட்டைப் பற்றிப் பொய் சொன்னது எனக்கு வலிக்கிறது. தேய்ப்பது இன்னமும் உங்களுக்குச் சும்மாதான், இல்லையா? நாள் குறைவாக இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம் என்றால் மீதி ஐந்து வரிசையையும் நானே இங்கே தைத்து அனுப்பிவிடுகிறேன். போர்வையில் உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம்.

வாலு


ஆகஸ்ட் 29

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கன்னத்தில் அறைந்திருந்தால் கூட ஆறியிருக்கும்.

மேட் எங்கே இருந்தது தெரியுமா? என் மெஷினுக்கு அடியில். அதிராமல் இருக்கட்டும் என்று வைத்தேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த நர்சம்மாவின் மேட் என் மெஷினுக்குக் கீழே நசுங்கிக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கிப் பார்த்தால் மெஷினின் நான்கு காலும் பதிந்து நான்கு குழி. உன் சம்பளத்தில் வாங்கியதை நசுக்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சமையலறைத் தகரத் தட்டை மேசைமேல் போட்டு, மேட்டை விரித்து, உப்பிய கட்டம் ஒன்றை எடுத்து நீ சொன்னபடியே வைத்தேன், எண்ணினேன், எடுத்தேன். ஆட்டு வாடை வந்தது. உன் அண்ணன் பட்டறையிலிருந்து, "வீட்டுக்குள்ள எதைம்மா மேய விட்டிருக்க?" என்று கத்தினார். இழுத்துப் பழகிய கை நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கட்டத்துக்கே தோள் விட்டுப்போனது. பன்னிரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து இதைச் செய்தாய், நான் தலை நிமிர்ந்து பார்த்தது கூட இல்லை. என் மூலைகள் தானாக உட்கார்ந்ததாகவே நினைத்தேன். அந்தப் பத்திரிகைக்காரியிடம் நான் சொன்னது தப்பு. வாய் தவறி வரவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன், அதனால் வந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசையைத் தைத்தது நீ என்று தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. நர்சம்மா நன்றாகத் தைத்தால் உன்னைப் பறித்துக்கொள்வாள் என்று பயந்தேன். நீயே நன்றாகத் தைத்தால் உனக்கு யாருமே வேண்டாமே! அவளையாவது திட்டலாம். உன்னை என்ன சொல்லித் திட்டுவது? நான் முப்பது வருடத்தில் கற்றதை நீ ஏழு மாதத்தில் எடுத்துக்கொண்டாய். இதை எழுதும்போதும் எரிகிறது. ஆறின பிறகு சொல்லலாம் என்று பார்த்தால் கல்யாணமே முடிந்துவிடும்.

என் ஐந்து வரிசையையும் நீ தைக்கக் கூடாது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். இழுபட்ட துண்டுகளை ஒதுக்கிவிட்டு மிச்சத் துணியில் புதிதாக வெட்டியிருக்கிறேன். துண்டுகளைத் தைக்கத் தைக்கத் தேய்த்தால்தான் சரியாக வரும், அது எனக்கு வராது. அதனால் ஒரு தையலும் போடாமல் அடுக்கி வைத்திருக்கிறேன். உன் நாற்காலியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டேன். மேட் உன் பக்கம் விரித்திருக்கிறது. குழியின்மேல் ஈரத்துணி போட்டுச் சூடு காட்டினேன், மூன்று எழும்பிவிட்டது. ஒன்று மட்டும் எழும்ப மாட்டேன் என்கிறது.

லீவு போட்டுவிட்டு வா. நர்சம்மாவையும் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா. உட்கார நாற்காலியும் படிக்கப் பேப்பரும் கொடுப்பேன். அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வா.

உன் அண்ணி


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பதினைந்து நாள் லீவு கிடைத்துவிட்டது. எட்டாம் தேதி மதியம் வருகிறேன். என்னுடைய ஐந்து வரிசையும் பெட்டியில் இருக்கும். நர்சம்மா வரவில்லை. உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உங்க அண்ணிக்குப் பயந்துதான் நான் ஊசியவே தொடல" என்று சொல்லச் சொன்னார்.

உங்களுக்கு எரிகிறது என்று படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. பன்னிரண்டு வருடம் நான் எரிந்தேன், கொஞ்சம் நீங்களும் எரியுங்கள். யாருமே வேண்டாம் என்கிற நிலை மட்டும் எனக்கு வரவில்லை. அங்கே என் தையலைக் குற்றம் தேடிப் பார்க்க ஒருவரும் இல்லை. நர்சம்மா எதைக் காட்டினாலும் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்புவார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எனக்கு விரித்து வைத்த மேட்டை உங்கள் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரிசைக்கு மெஷினில் நான் உட்காருவேன், நீங்கள் தேய்க்க வேண்டும். கை இழுத்தால் தட்டுவேன். நான்காவதிலிருந்து இடம் மாற்றிக்கொள்ளலாம். எழும்பாத அந்த ஒரு குழியை அப்படியே விடுங்கள், நான் பார்க்க வேண்டும்.

கல்யாணத்தன்று யாராவது போர்வையைப் பிடித்துப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்தா செஞ்சீங்க?" என்று நிச்சயம் கேட்பார்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் பதில் சொல்வேன். இப்போதே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்:

"தைக்கிறது நான். எங்க அண்ணி சும்மா தேய்ச்சுக் குடுப்பாங்க."

உங்கள்,
வாலு